டி.டி.சி.யும் தாய்மாமன் மடியும்

டி.டி.சி. என்று யார் சொன்னாலும் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இத்தனைக்கும் அது ஒரு பாவமும் அறியாத மூன்று எழுத்து. இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே ஏறி, இனி ஏற இடமில்லை என்று ஒரு கணம் நிற்குமே, அந்த இடத்துக்குப் பெயர் டாப் டெட் சென்டர். அதன் சுருக்கம்தான் அது.

அப்பாவுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். எங்கள் பேட்டையான நீலசந்திராவில், சாக்கடை ஓரத்து மெக்கானிக் ஷெட்டில், ப்ளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் நீளமான ஸ்க்ரூ டிரைவரை விடுவார். அது மெல்ல எழும்பி நிற்பதை விரல் நுனியிலேயே கண்டுபிடிப்பார். பெயர்தான் தெரியாது. அவருக்குப் படிக்கத் தெரியாது.

அம்மாவின் ஒரே தம்பியான மாமா, ஒரு பெரிய கார் சர்வீஸ் சென்டரில் ஹெட் மெக்கானிக். அப்படித்தான் எங்களிடம் சொல்லியிருந்தார். அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று அவரே வந்து சொன்னார்.

"வேலையெல்லாம் பாக்கமாட்டாங்க மச்சான். ஷார்ட் ஃபார்ம்தான் கேப்பாங்க. நான் இருக்கேன்ல."

பத்துச் சுருக்கங்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். நான் அப்போது ஐந்தாவது; அதற்கு மேல் படிக்கவில்லை. தினமும் காலையில் அப்பா பல் விளக்கும்போது பக்கத்தில் நின்று வாசிப்பேன். ஆர்.பி.எம். என்றால் இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு. அது சரி. டி.டி.சி. என்றால் டோட்டல் டீசல் கண்ட்ரோல். ஏ.பி.எஸ். என்றால் ஆட்டோ பெல்ட் சிஸ்டம். அப்பா வாய் நிறைய நுரையோடு திருப்பிச் சொல்வார். ஒரே வாரத்தில் பத்தும் மனப்பாடம்.

இன்டர்வியூவுக்கு என்னையும் கூட்டிப்போனார். கண்ணாடிக் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். சூப்பர்வைசர் டி.டி.சி. கேட்டார். அப்பா ஓர் எழுத்து பிசகாமல் சொன்னார்.

"குரு, அப்ப பெட்ரோல் வண்டிக்கு டி.டி.சி. கிடையாதா?" என்று கன்னடக்காரர்கள் யாரையும் கூப்பிடும் பாணியில் கேட்டார் அவர்.

அறையே சிரித்தது. அடுத்து ஏ.பி.எஸ். பிரேக் அழுத்தும்போது சக்கரம் இறுகிச் சறுக்காமல் காப்பாற்றுவது அது. அப்பா பெல்ட் என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

வெளியே வந்தால், மாமா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு காருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். தெரியாததையெல்லாம் அவரே கட்டிவிட்டிருக்கிறார் என்று எனக்கே புரிந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை. அப்பா என் தலையைத் திருப்பி வேகமாக இழுத்துப் போனார். வீட்டில் அம்மாவிடம், "எல்லாம் மறந்துபோச்சு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த ஞாயிறு தங்கைக்குக் காதுகுத்து. பட்டுச் சட்டையில் மாமா சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, மொட்டைத் தலையோடு தங்கை அவர் மடியில். யாரோ வேலை என்னாச்சு என்று கேட்டார்கள்.

"எழுதியே குடுத்தேன். மச்சான் மண்டையில ஏறல" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

"நீ காரு கழுவு..." என்று ஆரம்பித்தேன். அப்பாவின் கை என் வாயைப் பொத்தியது. கிரீஸ் வாடை. பல் பதியக் கடித்தேன். நாக்கில் உப்புக் கரித்தது. கையை அவர் எடுக்கவில்லை. இரண்டு காதிலும் ஊசி ஏறி, தங்கை வீறிட்டு அழுது, அம்மா தன் தம்பியின் தோளைத் தொட்டு மனம் நிறையச் சிரிக்கும்வரை எடுக்கவில்லை.

மாமாவுக்குப் பயந்துதான் என் வாயை மூடினார் என்று நினைத்து, பல நாள் அப்பாவோடு பேசாமல் இருந்தேன். அம்மாவின் அந்தச் சிரிப்பு என் கண்ணெதிரேதான் இருந்தது. நான் மாமாவையே முறைத்துக்கொண்டிருந்தேன்.