நிக்கிற டீச்சர்

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு அந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் ‘நிக்கிற டீச்சர்’. மேசைக்குப் பின்னால் நல்ல நாற்காலி ஒன்று சும்மா கிடக்க, மனுஷி மணியடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தால் பிள்ளைகள் வேறென்ன பெயர்தான் வைப்பார்கள்?

எல்லாம் பழக்க தோஷம். இங்கே வருவதற்கு முன்னால் அவள் வேலை பார்த்த தனியார் பள்ளியில் ஆசிரியர்களுக்கு நாற்காலியே கிடையாது. உட்கார்ந்தால் பாடம் தூங்கிவிடும் என்பது தாளாளரின் கண்டுபிடிப்பு. அவர் மட்டும் சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி, யார் சுவரில் சாய்கிறார்கள் என்று கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே வாங்கிய சம்பளத்தைச் சொந்தத் தங்கையிடம்கூட அவள் சொன்னதில்லை. விடுமுறையிலும் விடமாட்டார்கள், வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்க்க வேண்டும். அவளும் போய், அரசுப் பள்ளியைப் பற்றி வாய் கூசாமல் பேசிவிட்டு வருவாள்.

பிறகு தேர்வு எழுதி, அதே அரசுப் பள்ளிக்கே வந்து சேர்ந்தாள். இது ஒன்றும் சொர்க்கம் இல்லை. குழாயில் தண்ணீர் வந்தால் வரும், பாடத்தை நிறுத்திவிட்டுக் கணக்கெடுக்கப் போ என்பார்கள். ஆனாலும் வயிறும் மனசும் நிறையச் சம்பளம் வந்தது. வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினாள். “நீ பாட்டு முணுமுணுக்கிறத இப்பதான் கேக்கிறேன்” என்றார் கணவர்.

அந்த நிம்மதிக்குத்தான் இந்த வருஷம் ஆபத்து வந்தது. இன்னும் ஒரு பிள்ளை சேராவிட்டால் வகுப்பை இரண்டாம் வகுப்போடு சேர்த்துவிடுவார்கள். கடைசியாக வந்தவள் என்பதால் அவளை எங்கோ தூரத்துக்கு மாற்றிவிடுவார்கள். வேறு வழியில்லாமல் மறுபடியும் வீடு வீடாக இறங்கினாள்.

துணிக்கடையில் விற்பனையாளராக வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. போன வருஷமும் இதே கதவைத்தான் தட்டியிருந்தாள். அந்தப் பெண்ணும் மறந்திருக்கவில்லை.

“அங்க சேத்தா பொண்ணு வீணாப் போயிடும்னு சொன்னது நீங்கதானே?”

டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. மழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள்.

“நான்தாங்க. சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். அப்ப நான் அந்தப் பள்ளிக்கூடத்து வாசல்படியக்கூட மிதிச்சதில்ல.”

“இப்ப என்ன சொல்றீங்க?”

தயாராக வைத்திருந்த பேச்செல்லாம் எங்கோ ஓடிப்போனது. “நிதானமாச் சொல்லிக்குடுக்க முடியுது. தலைக்கு மேல கேமரா இல்ல. டீச்சருக்கு உக்கார நாற்காலி இருக்கு” என்றாள். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. டீச்சரின் நாற்காலிக்காக யாராவது பிள்ளையைச் சேர்ப்பார்களா?

அந்தப் பெண் படியில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

“எங்க கடையிலயும் உக்கார விடமாட்டாங்க. சாயங்காலம் ஆயிட்டா, வேற கலர் காட்டுன்னு கேட்டாலே எனக்குக் கடுப்பா வரும். எம்பொண்ணு கேட்டதையே கேட்டுக்கிட்டு இருப்பா. கால் கடுக்க நிக்கிற டீச்சர் எத்தன தடவ பொறுமையாப் பதில் சொல்வாங்க?” என்றாள்.

மறுநாள் காலை வகுப்பு வாசலில் மகளோடு வந்து நின்றாள். டீச்சர் வழக்கம்போல் நின்றபடி பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

“நாற்காலி இருக்குன்னீங்களே?”

“இருக்குங்க.”

“அப்ப உக்காருங்க. பாத்துட்டுப் போறேன்.”

டீச்சர் அசடு வழியச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அப்பாடா என்றிருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மகளை முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டு, அந்தப் பெண் நிற்பதற்காகத் தன் கடைக்குப் போனாள்.