களக்காட்டில் என் பாதி வீடு

எங்களுக்கு வீடு வாங்கித் தந்த சொலிசிட்டர் என்கிற பத்திர வக்கீலின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. இங்கிலாந்தின் லெஸ்டரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டிலிருந்து நாலு பஸ் நிறுத்தம் தள்ளித்தான் அந்த ஹெலனின் அலுவலகம். ஆனாலும் எல்லாம் ஈமெயிலிலும் போனிலுமே நடந்தது. ஊரில் பத்திரம் எழுதுகிறவரிடம் போனால் முதலில் டீ வரும், அடுத்து இன்னார் மகளா என்ற விசாரணை வரும், பேனா மூடி கடைசியில்தான் திறக்கும். ஹெலன் நேராகக் கேள்விக்கு வந்துவிட்டார். வங்கி மார்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடன், தருவதாக எழுதிக்கொடுத்த பிறகும் அவர் கேள்விகள் ஓயவில்லை. பாளையங்கோட்டையில் நர்சிங் படித்தவள் நான். ஒரே கேள்வியை நோயாளியிடம் மூன்று தடவை கேட்பதுதான் என் பிழைப்பு. அதையே என்னிடம் ஒருவர் செய்தபோதுதான் அது எவ்வளவு எரிச்சல் என்று தெரிந்தது.

ஹெலனின் கேள்விகளில் ஒன்று, "உலகத்தில் எங்காவது உங்களுக்குச் சொந்த வீடு இருந்திருக்கிறதா?" என்பது. முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு இங்கே வரிச் சலுகை உண்டு. நானும் என் கணவர் சாமுவேலும் யோசிக்காமல் "இல்லை" என்று எழுதினோம். எனக்கு அது சத்தியமான உண்மை. அம்மா முன்பே போய்விட்டார். அப்பா இறந்து ஆறு வருடம். களக்காட்டு வீட்டில் என் ஒரே அண்ணன் ஜெபராஜ் குடும்பத்தோடு இருக்கிறார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு நகை போட்டு அனுப்பியாயிற்று என்றால் அவள் பங்கு முடிந்தது. சட்டம் வேறு சொல்லலாம். அதை யாரும் வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை. லீவில் போகும்போது அந்தச் சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் மதினியிடம் கேட்டுத்தான் அடிப்பேன்.

எங்கள் முன்பணத்தில் ஒரு பகுதி அப்பாவின் வங்கிச் சேமிப்பிலிருந்து வந்தது. அதை விசாரிக்கப் போன் செய்த ஹெலன், சாதாரணமாகக் கேட்டார்: "உங்கள் அப்பாவின் வீடு என்ன ஆயிற்று?"

"அண்ணன் இருக்கிறார்."

"உயில் உண்டா?"

"இல்லை. எங்களுக்குள் எதற்கு உயில்?"

"அப்படியானால் அதில் பாதி உங்களுடையதாக இருக்கும், கிரேஸ். ஊரில் ஒரு வக்கீலிடம் எழுதி வாங்குங்கள்" என்றார். ஊர் வக்கீலும் அதையே எழுதினார். சலுகை போயிற்று. வங்கிக்கும் சொல்லியாக வேண்டும். வரியைக் கட்டினால் முன்பணம் குறையும், முன்பணம் குறைந்தால் வங்கி கைவிரித்துவிடும். கையெழுத்துக்கு இரண்டே வாரம்தான் இருந்தது. நாலு வருடம் தேடிக் கிடைத்த வீடு அது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஏட்டி, நீ அங்கன போய் எதுக்கு அரிச்சந்திரன் மாதிரி நிக்க? சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். பிறகு, "அந்தப் பாதிதான இடைஞ்சல்? விடுதலைப் பத்திரம் எழுதி அனுப்புதேன். கையெழுத்தப் போட்டு விட்டுரு" என்றார்.

ஹெலனிடம் இரண்டையும் வெட்கத்தோடு சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "விட்டுக் கொடுத்தாலும் இருந்தது இருந்ததுதான். இதுவரை நீங்கள் தெரியாமல் சொன்னீர்கள், அது பொய் இல்லை. இனிமேல் சொன்னால் பொய். அதை நான் அனுப்ப மாட்டேன்" என்றார். இதனால் அவருக்கு ஒரு பென்னிகூட அதிகம் வரப்போவதில்லை. பேசாமல் இருந்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். கூலி கொடுக்கிற எனக்கே கசப்பைச் சொல்லிவிட்டு, அன்று மாலையே வங்கிக்கு எழுதி, விற்பவரின் சொலிசிட்டரிடம் ஒரு வாரம் கூடுதலாகவும் வாங்கித் தந்தார். அந்த மனுஷி மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்றும் குறையவில்லை. கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர்கள் இங்கே வந்து ஒரு வீடு வாங்கியும் பார்த்திருக்கலாம். சாமுவேல் ஆசையாய் வாங்கிய காரை விற்றார். துண்டு விழுந்தது சரியாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை சாவி கைக்கு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டார். வாழ்த்தெல்லாம் முடிந்து, "அப்போ அந்த விடுதலைப் பத்திரத்த அனுப்பட்டா?" என்றார். எங்கள் பக்கத்து வழக்கப்படி போட்டுக் கொடுக்கவேண்டிய கையெழுத்துதான். ஒரு மாதம் முன்னால் என்றால் கேட்ட கையோடு போட்டிருப்பேன். இப்போது அந்தப் பாதி என்னுடையது என்று வாய்விட்டுச் சொல்லி, அதற்காக வரியும் கட்டியிருந்தேன்.

"வேண்டாம் அண்ணே" என்றேன். "விக்கவும் மாட்டேன், பங்கு பிரிக்கவும் மாட்டேன். என் பேரு அதுல கெடக்கட்டும்."

அண்ணன் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"சரிட்டி" என்றார் பைய. "மேக்க உள்ள ரூம்பு ஒழுகுது. அது உன் பாதின்னு வச்சுக்கிடுதேன்."

இருவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அழுதேன். இப்போது களக்காட்டில் மழை என்று மதினி சொன்னால், ஒரு சொட்டும் ஒழுகாத இந்த லெஸ்டர் வீட்டில் நின்றுகொண்டு, என்னை அறியாமல் நிமிர்ந்து கூரையைப் பார்க்கிறேன்.