வெல்லம் தின்ற தொட்டி

புதுச்சேரி உழவர்கரையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தொட்டிக்குள் பாக்டீரியா இருக்கும். அது அழுக்கைத் தின்னும். அதற்கு மோட்டார் வைத்துக் காற்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

போன மழைக்குப் பிறகு ஒரு காலையில் தொட்டி முழுக்க வெள்ளை நுரை. ஜாடியில் தண்ணீர் பிடித்து வைத்தேன். நல்ல நாளில் சேறு அடியில் இறங்கி மேலே தண்ணீர் தெளியும்; அன்று இறங்கவில்லை. பாக்டீரியா பெரும்பாலும் செத்திருந்தது. நாற்றம் மாடி வரை போனது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார். பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்குகிறவர்; ஐயா என்பதை 'முசியே' என்றால்தான் அவருக்குப் பிடிக்கும்.

"மோட்டார நிறுத்திட்டுத் தூங்கிட்டியா?"

"இல்ல முசியே."

"அப்ப எப்படிச் சாவும்? மாசக் கடைசிக்குள்ள சரியாவலன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்."

தண்ணீர் பரிசோதிக்கும் பெண் ஒரு பாட்டிலில் எடுத்துப் போனார். அடுத்த வாரம் வந்து சொன்னார்.

"விஷம் எதுவும் இல்லண்ணா. பாக்டீரியாவத் தாக்குற வைரஸ். உள்ள பூந்து பெருகி, அத உடைச்சிட்டு வெளிய வரும்."

வைரஸ் என்றதும் செயலாளர் பின்னால் நகர்ந்தார். ப்ளீச்சிங் பவுடர் மூட்டை வந்தது. கொட்டச் சொன்னார். நான் மூட்டையைப் பிரித்துவிட்டேன். அந்தப் பெண் குறுக்கே நின்றார்.

"மனுஷங்கள அது ஒண்ணும் பண்ணாது சார். இதக் கொட்டினா மிச்சம் இருக்கிற பாக்டீரியாவும் செத்துடும். இவ்ளோ நாள் சாவாம நின்னது இந்த வைரஸுக்கு மசியாதது. அதுக்குத் தீனி போட்டு வளக்கணும். சாணி, வெல்லம்."

"மாட்டையே கூட்டியாந்து கட்டிடட்டுமா?" என்றார் செயலாளர். ஆனால் மூட்டையை எடுத்துப் போகச் சொன்னார்.

வெல்லத்தை நெல்லித்தோப்புக் கடையில் வாங்கி வீட்டில் வைத்தேன். மனைவி பையைப் பார்த்தாள்.

"பொங்கலுக்குக் கேட்டா அரைக் கிலோ. கக்கூசுத் தொட்டிக்கு மூட்டையா?"

"வேல போயிடும்."

அவள் இரண்டு உருண்டையை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் பையைக் கட்டிக் கொடுத்தாள்.

தினமும் சாணியையும் வெல்லத்தையும் கரைத்துத் தொட்டியில் ஊற்றினேன். கையில் சாணி நாற்றம் போகவில்லை. ஜாடி கலங்கலாகவே நின்றது. மாசக் கடைசி நெருங்கியபோதுதான் விரல் அளவு சேறு அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்தது. ஜாடியைச் செயலாளரிடம் தூக்கிப் போனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வைரஸ் போயிடுச்சா?"

"போவாதாம். உள்ளயே இருக்குமாம்."

"அப்ப திரும்ப சாவுமா?"

"செத்தாலும் சாவும்."

ஜாடியைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி, வேலயப் பாரு. இனிமே மோட்டார நிறுத்திட்டுத் தூங்காத."

நான் ஜாடியைக் கழுவி வைத்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.