செம்பட்டியில் வெடித்த நட்சத்திரம்

கல்யாணத்துக்கு ஒரு மாதமே இருந்தது. அதற்குள் குலசாமி கோயிலில் காது குத்தியாக வேண்டும் என்றார் அம்மா. யாருக்கு? எனக்குத்தான்! வயது முப்பது. நாங்கள் புனேவில் இருந்ததால் தள்ளிக்கொண்டே போன வேண்டுதல். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆள் நான். பெண் வீட்டார் வேறு வருகிறார்கள். அவர்கள் முன்னால் விழுந்துவிட்டால் மானம் போய்விடுமே என்று ஒரே கவலை.

காலை ஏழரைக்குத் திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன். அரை மணி நேரத்தில் செம்பட்டி. அங்கிருந்து கோயிலுக்கு ஆட்டோ, நூறு ரூபாய்.

"காதுகுத்தா? பிள்ளை எங்கண்ணே?" என்றார் ஓட்டுநர்.

"நான்தான் பிள்ளை" என்றேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது.

தாய்மாமா பலகையில் தயாராக உட்கார்ந்திருந்தார். "வா மாப்ள, மடியில உக்காரு." எழுபத்தெட்டு கிலோவையும் அவர் மடியில் இறக்கினேன். பயந்தால் பாடம் நடத்துவது என் வழக்கம். இயற்பியல் வாத்தியார் புத்தி. ஆசாரி காதில் சந்தனப் பொட்டு வைத்ததுமே ஆரம்பித்துவிட்டேன்.

"பெரிய நட்சத்திரத்துக்குள்ள ஹீலியம், கார்பன், ஆக்சிஜன்னு ஒவ்வொண்ணா உருவாகும். இரும்பு வந்ததும் அடுப்பு அணைஞ்ச மாதிரி. அதுக்கு மேல சேர்த்தா சக்தி கிடைக்காது. நடுப்பகுதி சரியும், அப்புறம்..."

"வெடிக்குமாக்கும்?" என்றபடி குத்தினார் ஆசாரி. நான் போட்ட சத்தத்தில் மேளம் நின்றுவிட்டது.

"அப்ப இந்தத் தங்கம் எங்கேருந்து வருது?" என்றார் மாமா, கடுக்கனைக் காட்டி.

"வெடிச்ச ரெண்டு நட்சத்திரத்தோட மிச்சம் ஒண்ணோடொண்ணு மோதும் மாமா. அதுலதான் தங்கம் நிறைய..."

"முதக் காதுக்கு வெடிப்பு, ரெண்டாங் காதுக்கு மோதலா? குத்துங்க ஆசாரி!"

குத்தியாயிற்று. நான் மயங்கவில்லை! வருங்கால மனைவி எல்லாவற்றையும் வீடியோ எடுத்து முடித்திருந்தாள்.

மாமா கடுக்கனைத் தொட்டுப் பார்த்தார். "இந்தத் தங்கம் எம்புட்டு வருசத்துக்கு முந்துனது?"

"பூமிக்கும் முந்துனது மாமா. பல நூறு கோடி வருசம்."

"அம்புட்டுக் காலமா! நீ பொறந்த வாரமே வாங்கி வச்சேன்டா. எனக்கு முப்பது வருசமே தாங்கலை." அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

போகிறவர்களுக்கு: பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள், வெயில் கொல்லும். காது குத்துவதைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே முடித்தால் மாமாக்களின் முழங்கால் பிழைக்கும். மாமாவுக்குக் கால் மரத்திருக்குமே என்று நான் மடியிலிருந்து இறங்கப் பார்த்தேன்.

"செத்த நேரம் இரு மாப்ள" என்றார்.

இருந்தேன்.