இருட்டில் பருக்கும் உயிர்

அலமாரியைத் திறக்கும் முன் எமில்டா அதன் கதவை மெல்லத் தட்டுகிறார். உள்ளே இருப்பவை செத்துப்போன முத்துச்சிப்பிகளின் சதைத் துணுக்குகள். சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில், மருந்துத் தண்ணீரில், வெளிச்சமே படாமல் ஊறுகின்றன. யாருக்காகத் தட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "உள்ள முழிச்சுக்கிட்டுல்லா கெடக்குது. திடுதிப்புன்னு தொறந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

தூத்துக்குடியில், துறைமுகத்துக் கரித்தூள் ஜன்னல் கம்பியில் படிகிற ஒரு சின்ன ஆய்வுக்கூடம் அவருடையது. விலங்கியலில் முனைவர் பட்டம். ஆனால் வாலும் காலும் உள்ள எந்த விலங்கையும் அவர் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. உடம்பே ஒரு செல்தான், அதுவே வாய், அதுவே வயிறு என்று வாழ்கிற பிராணிகளோடுதான் குடித்தனம். நுண்ணோக்கியில் குனிந்தே காலம் போனதால், மனிதரிடம் பேசும்போதும் வலது கண்ணைப் பாதி மூடிக்கொள்கிறார். நம் தோலுக்கு அடியில் எதையோ பார்க்கிறார் என்று தோன்றிவிடுகிறது. எனக்கு உடனே கை அரிக்க ஆரம்பித்தது, போங்கள்.

ஞாயிறு பூசை தவறுவதில்லை. கோயில் வாசலில் இருக்கும் தீர்த்தத் தொட்டியில் மட்டும் விரல் வைக்கமாட்டார். "மாதா கோவிச்சுக்கிட மாட்டா. ஒருநா அந்தத் தண்ணிய லென்சுல வச்சுப் பாத்துத் தொலைச்சுட்டேன், அதான்" என்கிறார்.

முத்துச்சிப்பிக்குள் குடியேறும் ஓர் ஒருசெல் ஒட்டுண்ணிதான் அவருடைய ஆராய்ச்சி. உயிருள்ள சிப்பியில் அது தூசியாகப் பதுங்கியிருக்கும்; கண்டுபிடிப்பது கஷ்டம். செத்த சதையை மருந்துத் தண்ணீரில் போட்டு இருட்டில் வைத்தால் பருக்கத் தொடங்கும். அப்புறம் அயோடின் விட்டால் நீலக்கறுப்பாக வெளியே தெரியும். "வீட்டுக்காரன் செத்தப்புறந்தான் இது தூங்கி எந்திரிக்கும், பாத்துக்கிடுங்க."

நான் போன அன்று அலமாரியில் இருந்தது அவருடைய தம்பி ரெக்சனின் சிப்பி. கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்து, கடலில் மிதவை கட்டி, கூடைகளைத் தொங்கவிட்டு முத்துச்சிப்பி வளர்க்கிறார் ரெக்சன். கொஞ்ச காலமாகச் சிப்பிகள் வாய் பிளந்து சாகின்றன. ஒட்டுண்ணிதான் காரணம் என்றால், உயிரோடு இருப்பவற்றையும் கரையேற்றி அழித்தாக வேண்டும். விட்டுவைத்தால், கடலடிப் பாறைகளில் தானாக வளர்கிற சிப்பிகளுக்கும் தொற்றிக்கொள்ளும். சேதி என்னவோ என்று ரெக்சன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

எமில்டா அயோடின் விட்டார். குனிந்து பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். வெளிறிய சதை முழுக்கக் கறுப்பு உருண்டைகள், மிளகைக் கொட்டி வைத்ததுபோல. எதுவும் அசையவில்லை. ஆனாலும் அத்தனையும் என்னையே பார்ப்பதாகத் தோன்ற, சட்டென்று தலையை எடுத்துவிட்டேன்.

"ஏலே, செத்த சிப்பியெல்லாம் என்ன செஞ்ச?" என்று தம்பியிடம் கேட்டார்.

"என்னத்தக்கா செய்ய? மிதவைக்குக் கீழயே போட்டுட்டோம். கடல்ல செத்ததைக் கரைக்குக் கொண்டாரக் கூடாதுன்னு அப்பா சொல்லுவாவல்லா."

எமில்டாவின் முகம் வெளுத்துப்போனது. "அடப் பாவி! அந்தச் செத்த சதையிலருந்துதாம்ல அது ஒன்னு ஆயிரமாப் பெருகி நீந்திப் போவும். அடுத்த சிப்பியில ஏறும். நீயே அதுக்கு வழியத் தொறந்து விட்டிருக்கியே. உன் மிதவைக்கு அடியில இப்ப தண்ணியா கெடக்கு? அதுகல்லா கெடக்கு."

ஜன்னலுக்கு வெளியே கடல் அலையில்லாமல் தட்டையாகக் கிடந்தது. தினமும் பார்க்கிற கடல்தான். அன்றைக்கு அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"எல்லாத்தையும் கரையேத்திருதேன்" என்றார் ரெக்சன். "ஒன்ன மட்டும் விட்டுரு அக்கா. தாய்ச்சிப்பி. இதுக்கு ஒன்னுமில்ல, நல்லாத்தான் இருக்கு. தொட்டா டபக்குன்னு வாய மூடுது பாரு. இதை வச்சு மறுபடியும் ஆரம்பிச்சுக்கிடுதேன்." ஈரத் துண்டில் சுற்றி அதை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார்.

எமில்டா வாசலுக்குப் போய்க் கையை நீட்டினார். தம்பி கொடுக்கவில்லை. நீட்டிய கை இறங்கவும் இல்லை. கடைசியில் ரெக்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துண்டோடு அந்தக் கையில் வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து அழுதார்.

பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளி மேசைக்கு அடியில் இருந்தது. எமில்டா சிப்பியை அதில் போட்டு மூடினார். உள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது, ஓட்டோடு ஓடு உரசுகிற சத்தம். அக்காவுக்கும் கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. வாளியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, மூடியை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.