வெட்டிய கூரை

ஆர்வல் டாக்கெட்டைப் போல வீம்பு பிடித்த ஆளை எங்கள் ஊர் பேக்கர்ஸ்ஃபீல்டில் நான் பார்த்ததில்லை. எண்ணெய்க் கிணற்றில் வேலை, மிச்ச நேரமெல்லாம் ஷெட்டில் அந்த முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டு காரோடு. எங்கள் கார் கிளப்பில் கூரையைத் தாங்கும் தூண்களில் சில அங்குலம் வெட்டியெடுத்து, கூரையைத் தாழ்த்தாத வண்டிக்கு மரியாதை கிடையாது. நாங்களெல்லாம் மூன்று அங்குலம் வெட்டினோம் என்பதற்காகவே இவன் நாலு வெட்டினான். ஆள் குள்ளம், அவனுக்கென்ன கவலை?

மனைவி லியோட்டா ஆறடி உயரம். ஏறிப் பார்த்தாள், கழுத்தை மடக்கினால்தான் உட்கார முடிந்தது.

"கூரைய ஏத்து. இல்லேன்னா தனியாவே சுத்து" என்றாள்.

வெட்டிய கூரையை யாராவது திரும்ப ஏற்றுவார்களா? கிளப்பே சிரிப்பாய்ச் சிரித்துவிடும். பந்தயம், கண்காட்சி எல்லாவற்றுக்கும் தனியாகவே போனான். ஏழு வருஷம் பொறுத்தவள், ஃப்ரெஸ்னோவில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. கூரை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் அப்படித்தான் சொன்னாள்.

வெட்டியெடுத்த நாலு அங்குலத் துண்டுகளை அவன் தூக்கிப் போடவில்லை. இருபத்தைந்து வருஷம் ஷெட் சுவரில் ஆணியில் தொங்கின. ஓய்வு பெற்ற மறுமாதம் அவற்றை இறக்கி, பழைய இடத்திலேயே வெல்டிங் வைத்து, கூரையை உயர்த்தினான்.

"என்ன ஆர்வல், வண்டிக்கு முடி வளந்துடுச்சா?" என்றான் கிளப்பில் ஒருத்தன். அப்படிக் கேட்டவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது எனக்கு. அந்தக் காலத்தில் நானும் சிரித்திருப்பேன் என்பதால் சும்மா இருந்தேன்.

"கூரையை ஏற்றிவிட்டேன், ஒரு தடவை வந்து உட்கார்ந்து பார்" என்று லியோட்டாவுக்குக் கடிதம் போட்டான். ஒரு ஞாயிறு காலை பஸ்ஸில் வந்தாள். கூட்டிவர ஆர்வலோடு நானும் பஸ் நிலையம் போயிருந்தேன். முதுகு வளைந்து, என் தோளுயரம்தான் இருந்தாள். எலும்புத் தேய்மானமாம்.

வண்டியில் ஏறி உட்கார்ந்து, கையை உயர்த்திக் கூரையைத் தடவினாள்.

"பழைய கூரையே எனக்கு இப்போ போதும், ஆர்வல்."

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "இங்கேயே இருந்துடேன்" என்றான்.

"தங்கச்சிக்குக் கண்ணு சரியாத் தெரியல. நாலு மணி பஸ்ஸுக்கு நான் போகணும்."

இருவரும் ஆற்றுப் பாலம் வரை போய்வந்தார்கள். நாலு மணிக்கு அந்த வண்டியிலேயே அவளை பஸ் நிலையத்தில் விட்டான். அவள் அந்த வண்டியில் போனது அந்த ஒரு நாள்தான்.