நாடாவில் பட்ட எச்சில்

பொருட்காட்சியில் வாங்கிவந்த மோகத்தில், மருமகள் நேற்று, பாலிஷ் போட்ட கொட்டாங்குச்சியில் எனக்குத் தண்ணீர் நீட்டினாள். "குடிங்க மாமா, கைவேலைங்க." நான் வாங்கவில்லை. மூக்கில் மில் பஞ்சு வாசனை ஏறிவிட்டது.

சூலூர்ப் பக்கம் தோட்டத்தை விட்டுவிட்டு, வெள்ளைக்காரன் காலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கோயமுத்தூர் மில்லில் நெசவுக்குச் சேர்ந்தவன் நான். அந்த ஒரே கூடத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாவற்றிலும் திட்டு வாங்கலாம். தறியில் நூலோடு குறுக்கே ஓடுகிற மரக்கட்டைதான் நாடா; அதன் கண்ணில் நூல் கோர்க்க, வாய் வைத்துச் சர்ரென்று உறிஞ்ச வேண்டும். முதல் நாள் நான் பஞ்சையும் சேர்த்து விழுங்கிப் புரையேறி நின்றேன், கூடமே சிரித்தது. என் தறியில் காலை ஷிப்டு ரங்கன், என் வயசுக்காரன். அவன் உறிஞ்சிய நாடாவைத்தான் மத்தியானம் நான் உறிஞ்சுவேன். அதில் யாருக்கும் ஒரு குறையுமில்லை.

வாசல் தண்ணீர்ப் பானையில் மட்டும் வேறு சட்டம். எங்களுக்குப் பித்தளை டம்ளர். சேரியிலிருந்து வந்த ரங்கனுக்குக் கொட்டாங்குச்சி. இத்தனைக்கும் டம்ளரில் யாரும் வாய் வைப்பதில்லை, அண்ணாந்துதான் குடிப்போம். அக்கிரமத்தைப் பாருங்கள்!

ஒரு சித்திரை மத்தியானம், ஷிப்டு மாறும் நேரம். கொட்டாங்குச்சி விரிசல் விட்டு ஒழுகவே, ரங்கன் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டான். மேஸ்திரி பாய்ந்து வந்தார். "டம்ளரத் தீட்டாக்கிப்போட்டயே! நாளைக்கு வேலைக்கு வராதே!" ரங்கன் வீட்டில் கைக்குழந்தை. "தாகம் தாங்கலீங்க" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! வீரமென்று எண்ணிவிடாதீர்கள். நாடாவை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். "ஏனுங்க மேஸ்திரி, இதுலயும் ரங்கன் எச்சில்தானுங்க. தூக்கி வீசிப்போட்டுப் புதுசு குடுங்க. அப்பறம் தறி ஓட்டறனுங்க."

பக்கத்துத் தறித் தெலுங்குக்காரர் சிரித்தபடி தன் நாடாவோடு வந்தார். "என் தறியிலயும் அப்படித்தானுங்க. எனக்கும் ஒண்ணு." அவர் பின்னால் பாலக்காட்டுக்காரர். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மேஸ்திரிக்கு வேர்த்துக் கொட்டியது. "செரி செரி, தறிய ஓட்டுங்கப்பா. அவனும் வரட்டும்."

ரங்கன் கொட்டாங்குச்சியைக் கீழே போட்டு மிதித்தான். மறுநாள் முதல் எல்லோருக்கும் ஒரே டம்ளர்தான். ஊர் முழுக்க மாறியதா என்று கேட்பீர்கள். ஒரு பானை மாறியது. ஊர் அப்படித்தான் மாறும்.

இன்று அந்த மில் இல்லை, வாயால் உறிஞ்சும் நாடா இல்லை, ரங்கனும் இல்லை. "டம்ளர்ல குடு அம்மணி" என்றேன். "ஏனுங்க மாமா, கொட்டாங்குச்சிக்கு என்ன?" என்றாள் மருமகள். அது எதற்கு இருந்ததென்றே தெரியாத ஒருத்தி என் வீட்டில்! ரங்கன் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.